மூன்று படைப்புகள் போதும்: குழந்தைகளை முதன்முறை கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்பவர்களுக்கு

பள்ளிக் குழந்தைகளை முதன்முதலாகக் கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனபோது, ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது கூடங்களைக் காட்டி முடித்தேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆசை. வழியெல்லாம் நான்தான் பேசினேன்: வரைந்தவர் யார், எந்த நூற்றாண்டு, என்ன பாணி. மறுநாள் வகுப்பில், என்ன பிடித்திருந்தது என்று கேட்டேன். பலர் கண்ணாடி லிஃப்ட் என்றார்கள். ஒரு சிறுவன் மட்டும் "அந்த நாய்" என்றான். எந்த நாய் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தனியாகப் போய்த் தேடினேன். நான் பத்து நிமிடம் நின்று பேசிய ஒரு குடும்ப ஓவியத்தின் மூலையில், நாற்காலிக்கு அடியில், சின்னதாக ஒரு நாய் படுத்திருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அந்த நாய்க்குப் பிறகு நான் குழந்தைகளோடு போகும் விதமே மாறிவிட்டது. ஏறக்குறைய 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளை முதல்முறை அழைத்துப் போகப்போகும் ஆசிரியருக்கோ, தன்னார்வ வழிகாட்டிக்கோ உதவும் என்று, இப்போது செய்வதை வரிசையாக எழுதுகிறேன். குறைவாகக் காட்டுங்கள், முதலில் குழந்தைகளைப் பேசவிடுங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் நீங்கள் மட்டும் போய்வாருங்கள்

இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். இணையத்தில் படம் பார்த்துவிட்டுத் திட்டம் போட்டால், அங்கே போனதும் பாதி மாறிப்போகும். கழிப்பறை எங்கே, பைகளை எங்கே வைப்பது, எந்தக் கூடத்தில் தரையில் உட்கார இடம் இருக்கிறது, எங்கே எதிரொலி அதிகம், வாசலிலிருந்து முதல் ஓவியத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தேர்ந்தெடுக்க நினைக்கும் ஒவ்வொரு படைப்பின் முன்னாலும் முழங்காலிட்டுப் பாருங்கள். ஏழு வயதுக் குழந்தையின் கண் இருக்கும் உயரம் அதுதான். நீங்கள் நின்று பார்க்கும்போது அழகாகத் தெரியும் ஓவியம், கீழிருந்து பார்த்தால் கண்ணாடியில் விளக்கு பட்டு வெறும் வெள்ளைத் தகடாகத் தெரியலாம். 1916இலேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப்பெட்டிகளைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களோடு எழுதினார். ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். பெரியவர்களுக்கே அந்தப் பாடு. குழந்தை அரைமணி நேரத்தில் சிணுங்கினால், ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் கழுத்தும் காலும்தான் வலிக்கின்றன.

எதை எடுப்பது, எதை விடுவது

ஒரு மணி நேரத்துக்கு மூன்று படைப்புகள். கூடிப்போனால் நான்கு. இவ்வளவு தூரம் வந்துவிட்டு மூன்றுதானா என்று கூட வரும் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்வேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், புகழ்பெற்ற படைப்புகளின் முன்னால் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து 2001இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிகூட நிற்கவில்லை. முப்பது ஓவியங்களை அப்படிக் கடந்து போவதை நடைப்பயிற்சி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மூன்றும் ஒன்றுக்கொன்று வேறுபட்டதாக இருக்கட்டும். ஆட்களும் நிகழ்ச்சியும் நிறைந்த ஓவியம் ஒன்று. சுற்றிவந்து பார்க்கக்கூடிய சிற்பம் ஒன்று. என்னவென்று உடனே பிடிபடாத அரூப ஓவியம் ஒன்று. புதியவர்கள் மூன்றாவதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், தங்களுக்கே புரியாததைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்று பயம். என் அனுபவத்தில் சின்னக் குழந்தைகள் அதன் முன்னால்தான் மிகத் தாராளமாகப் பேசுகிறார்கள். நிறம், கோடு, வேகம் என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வதில் அவர்களுக்குக் கூச்சமே கிடையாது.

ஆட்கள் நிறைந்த படம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ நல்ல உதாரணம். அது வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே ஓவியத்தில் 200க்கும் மேற்பட்ட குழந்தைகள். வளையம் உருட்டுகிறார்கள், பொய்க்கால் கட்டி நடக்கிறார்கள், பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், எலும்புத் துண்டுகளை வைத்து நம் ஐந்தாங்கல் போலவே ஆடுகிறார்கள். எந்தக் குழந்தையும் இதன் ஏதாவது ஒரு மூலையில் தனக்குத் தெரிந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். உங்கள் அருங்காட்சியகத்தில் புரூகல் இருக்க மாட்டார், பரவாயில்லை. சந்தை, ஊர்வலம், போர், திருமணம் என்று கூட்டம் நிறைந்த ஏதாவது ஒரு படம் அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு.

நேரில் பார்த்தால் மட்டுமே கிடைக்கிற ஒன்றாவது தேர்வில் இருக்கட்டும். பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். ஜப்பானியக் கலைஞர் ஹொகுசாயின் ‘பெரும் அலை’ அச்சுப்படம் சுமார் 26 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம்தான், ஒரு நோட்டை விரித்து வைத்தாற்போல. கைபேசித் திரையில் இரண்டும் ஒரே அளவு. சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் ஓவியத்தின் முன்னால் குழந்தை வாயடைத்து நிற்பதும், "ஐயோ, இவ்வளவு சின்னதா!" என்று கத்துவதும் திரையால் தர முடியாதவை. வண்ணத்தைத் தடிமனாக அப்பிய எண்ணெய் ஓவியம் இருந்தால், பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மேடும் பள்ளமுமாக வண்ணம் துருத்தி நிற்பது அங்கிருந்துதான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தாளில் செய்த படைப்புகள் வெளிச்சத்தில் மங்கிப்போகும். அதனால் அவற்றைப் பெரும்பாலும் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய ஒளியில், சில மாதங்கள் மட்டுமே வெளியே வைப்பார்கள். நீங்கள் முன்பு பார்த்தது போகும் நாளில் உள்ளே போயிருக்கலாம். கேட்டு உறுதிப்படுத்துங்கள், மாற்றாக ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

அருங்காட்சியகத்தோடு பேசுவது

கல்விப் பிரிவு என்று ஒன்று இருந்தால் அவர்களிடம், இல்லாவிட்டால் வரவேற்பில். எத்தனை குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் வர வேண்டும், பென்சில் அனுமதி உண்டா (பேனாவை அநேகமாக எங்கும் விடுவதில்லை), தரையில் உட்காரலாமா, கூட்டம் குறைவான நேரம் எது என்று கேளுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையோ, இரைச்சல் தாங்காத பிள்ளையோ இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் தனி வழியும் அமைதியான அறையும் ஏற்பாடு செய்வார்கள்.

அவர்களுடைய வழிகாட்டிதான் பேசப்போகிறார் என்றால், அவரோடு பத்து நிமிடமாவது முன்கூட்டிப் பேசுங்கள். "இந்த மூன்று மட்டும் போதும். முதலில் குழந்தைகள் சொல்லட்டும், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலோர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். கேட்காமல் விட்டால், மனப்பாடமாக வைத்திருக்கும் உரையைச் சொல்லிவிட்டுப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

முந்தைய வாரம், வகுப்பில்

பார்க்கப்போகும் மூன்றையும் முன்பே காட்டிவிட வேண்டாம், நேரில் காணும் திகைப்பு போய்விடும். வேறொரு படத்தை வைத்துப் பார்த்துப் பேசிப் பழக்குங்கள். அதே நாளில் விதிகளையும் சொல்லிவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. தொடாதே என்றால் கை துறுதுறுக்கும். விரலில் இருக்கும் உப்பும் எண்ணெயும் வெண்கலத்தை மெல்ல மெல்ல அரிக்கும், நூறு பேர் தொட்டால் அந்த இடம் மட்டும் நிறம் மாறிவிடும் என்றால் புரிந்துகொள்கிறார்கள். நான் இன்னொன்றும் செய்வேன். ஒரு வெள்ளைத் தாளை வகுப்பின் வாசலில் ஒட்டி, வருவோர் போவோர் எல்லோரும் ஒருமுறை தொட்டுவிட்டுப் போகட்டும் என்பேன். வார முடிவில் அந்தத் தாள் இருக்கும் நிலையைப் பார்த்த பிள்ளைகளுக்கு அருங்காட்சியகத்தில் நினைவூட்டவே வேண்டியதில்லை.

ஓவியத்தின் முன்னால்

எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முப்பது பேரை ஒரே ஓவியத்தின் முன்னால் நிறுத்தினால் முதல் வரிசைக்குத்தான் ஓவியம், மற்றவர்களுக்கு முதுகு. எல்லோரையும் உட்கார வையுங்கள். முதலில் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, கண் மட்டும் நடக்கட்டும். ஒரு நிமிடம் உங்களுக்கு நீளமாகத் தோன்றும். குறுக்கிடாதீர்கள்.

அப்புறம் கேள்வி. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும், மனிதர்கள் படத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய ஒரு முறை இன்று பல நாடுகளில் புழங்குகிறது. அதில் கேள்விகள் மூன்றே மூன்று. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்?

பார்க்க எளிமையானது. நடுவில் இருக்கும் கேள்விதான் உயிர். "இவள் சோகமா இருக்கா" என்று ஒரு குழந்தை சொன்னால், ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடாமல், எதைப் பார்த்து என்று கேட்கும்போது அந்தக் குழந்தை திரும்பவும் ஓவியத்துக்குள் போகிறது. "கை தொங்குது." சரி, கையைக் காட்டுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். இன்னொரு பிள்ளை, "இல்ல, அவ தூங்கப் போறா" என்கிறது. அதற்கும் அதே கேள்வி. ஒவ்வொரு பதிலையும் உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். நீங்கள் உண்மையிலேயே கேட்டீர்கள் என்று குழந்தைக்குத் தெரிவது அப்படித்தான். "சபாஷ், சரியாச் சொன்னே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சரியான விடை ஒன்று டீச்சரிடம் இருக்கிறது என்று தெரிந்த அந்த நொடியே, மற்றவர்கள் ஓவியத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஹொகுசாயின் அலை முன்னால் ஒரு குழுவோடு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. முதலில் எல்லோரும் அலையைத்தான் சொன்னார்கள். நுரை நகம் மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. இரண்டு நிமிடம் கழித்து ஒருவன், "படகு இருக்கு!" மூன்று படகுகள் என்று எண்ணினார்கள். அதற்கும் பிறகுதான், படகில் வரிசையாகக் குனிந்திருப்பவை தலைகள் என்று கண்டுபிடித்தார்கள். குரலே மாறிவிட்டது. அதுவரை அழகாக இருந்த அலை இப்போது ஆளைக் கொல்லப்போகும் அலை. பின்னால் தெரியும் பனிமலையை எல்லோரும் இன்னொரு அலை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேசாமலே இருந்த ஒரு பெண், "அது மட்டும் நகரல" என்றாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அது ஃபூஜி மலை, இந்த வரிசைக்கே ‘ஃபூஜி மலையின் 36 காட்சிகள்’ என்று பெயர், 1831 வாக்கில் இதைச் செய்தபோது ஹொகுசாய்க்கு எழுபது வயது இருக்கும் என்றேன். மூன்றே வரி. முதலிலேயே சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். மலையை அவர்களே கண்டுபிடித்த பிறகு சொன்னதால், பல மாதம் கழித்தும் அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

இப்படித் தகவல் தங்குவதற்கு ஆய்விலும் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் 2011இல் திறந்தபோது வர விரும்பிய பள்ளிகள் ஏராளம். குலுக்கல் முறையில் சிலரை முதலிலும் சிலரைப் பின்னாலும் அழைத்தார்கள். அதனால், போய்வந்த மாணவர்களையும் இன்னும் போகாதவர்களையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. ஏறக்குறைய 11,000 மாணவர்கள், 123 பள்ளிகள். சில வாரங்கள் கழித்தும் பிள்ளைகள் ஓவியங்களின் நுணுக்கங்களை நினைவில் வைத்திருந்தார்கள். பார்த்திராத ஓர் ஓவியத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, போய்வந்தவர்கள் அதிகமாகக் கவனித்து எழுதினார்கள். கிராமப்புறப் பள்ளிகளுக்கும் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கும் பலன் கூடுதல். இதெல்லாம் ஒரே ஒரு முறை போனதற்கு.

சிற்பத்தின் முன்னால் உட்கார வைக்காதீர்கள், சுற்றிவரச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பவர் சொல்லட்டும். பிறகு அதே நிலையில் நிற்கச் சொல்லுங்கள். பிரெஞ்சுக் கலைஞர் டெகாவின் ‘பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி’ சிற்பத்தின் வெண்கல வார்ப்புகள் பல அருங்காட்சியகங்களில் உண்டு. ஒரு காலை முன்னால் வைத்து, கைகளைப் பின்னால் கோத்து, முகத்தை நிமிர்த்தி ஒரு நிமிடம் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு, அந்தப் பெண் எவ்வளவு களைத்திருப்பாள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1881இல் மெழுகில் காட்சிக்கு வைத்த மூலத்துக்கு டெகா உண்மையான துணிப் பாவாடையே உடுத்தியிருந்தார் என்று சொன்னால் கண் விரியும். நடராசர் செப்புத்திருமேனி முன்னால் ஒற்றைக்காலில் நின்று பார்ப்பதும் அப்படித்தான். உள்ளே காலியாக இருக்குமா, கெட்டியாக இருக்குமா என்று கட்டாயம் ஒரு குழந்தை கேட்கும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் நடராசரை எக்ஸ்ரே எடுத்தே பார்த்தார்கள். முழுக்கக் கெட்டி.

பென்சில்

மூன்றாவது படைப்புக்குள் வாய் ஓய்ந்திருக்கும். அப்போது தாளும் எழுதும் அட்டையும் கொடுங்கள். முழு ஓவியத்தையும் வரையச் சொல்லாதீர்கள், தோற்றுப்போன உணர்வுதான் மிஞ்சும். ஒரு கை, ஒரு மடிப்பு, ஒரு மூலை போதும். இல்லையென்றால் தாளைப் பார்க்காமல் சிற்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டே ஓரக்கோட்டை வரையச் சொல்லுங்கள். எல்லோருடையதும் கோணலாக வரும், அதனால் யாருக்கும் வெட்கம் இருக்காது. ஐந்து நிமிடம். வழியெல்லாம் நிரப்பிக்கொண்டே போக வேண்டிய கேள்வித்தாளை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பிள்ளைகள் பெயர்ப்பலகையிலிருந்து ஆண்டை எழுதிக்கொண்டு அடுத்ததற்கு ஓடுவார்கள், ஓவியத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கடைசி கால்மணி நேரத்தை அவர்களுக்கே விடுங்கள். ஒரே கூடத்துக்குள், பிடித்ததன் முன்னால் போய் நிற்கலாம். நாயைக் கண்ட சிறுவனுக்கு அன்று நான் கொடுக்கத் தவறியது இந்தக் கால்மணி நேரத்தைத்தான்.

திணற வைக்கும் தருணங்கள்

நிர்வாணச் சிற்பத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதட்ட வேண்டாம். மனித உடம்பை வரைவதும் செதுக்குவதும் கலைஞர்களுக்குக் கடினமான பாடம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயின்றுவருகிறார்கள் என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, தோளில் எலும்பு தெரிகிறதா பாருங்கள் என்று கண்ணைத் திருப்பினால் சிரிப்பு தானாக அடங்கும். பெற்றோரிடம் முன்பே ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது.

"இதை நானும் வரைவேன்" என்று அரூப ஓவியத்தின் முன்னால் ஒருவன் சொல்வான். அவனோடு வாதாடாதீர்கள். முதலில் எந்த நிறத்தை வைப்பாய், எதன் மேல் எதைப் பூசியிருக்கிறார், தெரிகிறதா என்று கேளுங்கள். அரைமணி நேரம் அங்கேயே நிற்பவன் அவனாகத்தான் இருப்பான்.

ஒரு வார்த்தையும் பேசாத குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லட்டும், அல்லது விரலால் காட்டட்டும். காவலர் அதட்டிவிட்டால் குழந்தைகள் சுருங்கிப்போவார்கள். நான் வாசலிலேயே அவரிடம் வணக்கம் சொல்லி, குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்திவிடுவேன். நாள் முழுக்க அந்தக் கூடத்திலேயே நிற்பவர் அவர். உங்களுக்கு எது பிடிக்கும் என்று ஒரு குழந்தை கேட்டபோது, ஒரு காவலர் எங்களை அழைத்துப் போய், சாயங்கால வெயில் விழும்போது மட்டும் முகம் சிரிக்கிற ஒரு கற்சிலையைக் காட்டினார். என் திட்டத்தில் இல்லாத நான்காவது படைப்பு அது.

திரும்பி வந்த பிறகு

மறுநாளே செய்யுங்கள், ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஆறிப்போகும். "அருங்காட்சியகம் சென்றுவந்தேன்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் எல்லோரும் பேருந்தில் ஏறியதில் தொடங்கி இறங்கியதில் முடிப்பார்கள். மாறாக, பார்த்ததில் ஒன்றுக்குப் புதிய பெயர்ப்பலகை எழுதச் சொல்லுங்கள். நாற்பது சொல்லுக்குள், பார்த்தே இராத ஒருவருக்காக. அந்த நாற்பது சொற்களைக் கல்விப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள். ஒருமுறை அப்படி அனுப்பியபோது, எட்டு வயதுச் சிறுமி எழுதியதை அச்சடித்து, அந்த ஓவியத்தின் பக்கத்திலேயே சில வாரங்கள் தொங்கவிட்டார்கள். தன் அட்டையைக் காட்ட அவள் பாட்டியை அழைத்துக்கொண்டு போனாள். பாட்டியை முதலில் ஒரு நிமிடம் பேசாமல் பார்க்கச் சொன்னாளாம்.